கண் இமை ஏன் சரிகிறது? நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் ‘அசிட்டைல்கோலின்’ கதை!

உடலுக்குள் ஓர் உலகம் - 14

இந்த வரியைப் படித்து முடித்ததும் உங்கள் கட்டைவிரல் மெல்ல மேலே நகரும். போன் திரையும் கூடவே நகரும். அதற்காக நீங்கள் யோசித்திருக்கக்கூட மாட்டீர்கள். ஆனால், மூளையில் கிளம்பிய ஓர் உத்தரவு, தண்டுவடம் வழியாக இறங்கி, கை நரம்பில் ஓடி, விரலை அசைக்கும் தசையின் வாசல் வரை வந்திருக்கிறது. வாசல் வரை மட்டும்தான். ஏனென்றால், நரம்பு தசையைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறிய இடைவெளி.

நரம்பில் ஓடிவருவது மின்சார சிக்னல். அதனால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. அங்கே சிக்னலை வாங்கிக்கொண்டு மறுகரையில் சேர்ப்பது ஒரு ரசாயனம். பெயர், அசிட்டைல்கோலின். பெயர்தான் வாயில் நுழையாது. ஆனால் நீங்கள் நடப்பது, பேசுவது, இட்லியை மெல்வது, கண் சிமிட்டுவது, மூச்சை இழுப்பது எல்லாம் இதன் தயவில்தான் நடக்கின்றன.

இது குறைந்தால் என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது பள்ளிக்கூடப் பாடத்துக்காக மட்டுமல்ல. வயலில் மருந்து அடித்துவிட்டு வந்து மயங்கி விழுபவருக்கும், தரையில் தூங்கும்போது பாம்பு கடித்தவருக்கும், ‘சாயந்திரம் ஆனா கண்ணு சொருகுது’ என்று சொல்லும் அக்காவுக்கும் நடப்பது என்னவென்று இந்த ஒரே இடைவெளிதான் சொல்கிறது.

கனவில் வந்த சோதனை

நரம்புகள் தங்கள் சேதியை மின்சாரமாக அனுப்புகின்றனவா, ரசாயனமாக அனுப்புகின்றனவா? 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெரிய சண்டை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்தவர் ஆட்டோ லூவி. ஒருநாள் இரவு, இந்தச் சண்டையைத் தீர்க்கும் சோதனை ஒன்று அவர் கனவில் வந்தது. எழுந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால், அவர் எழுதியது அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு. இந்த முறை தாளைத் தேடவில்லை. நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்துத் தனித்தனியே உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தில், வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. பிறகு, அந்த இதயம் நனைந்திருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! அப்படியானால், நரம்பு ஏதோ ஒரு பொருளை வெளியே விட்டிருக்கிறது. அந்தப் பொருள்தான் சேதி. 1921-ல் வெளியான இந்தச் சோதனை, சண்டையின் போக்கையே மாற்றியது.

அந்தப் பொருள் எது? லண்டனில் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி, 1914-லேயே அசிட்டைல்கோலினின் குணங்களை விவரித்திருந்தார். லூவி கண்ட பொருளும் அதுவே என்பது பின்னர் உறுதியானது. இதயத்தில் மட்டுமல்ல, கை கால்களை அசைக்கும் தசைகளிலும் நரம்பு முனைகள் இதைத்தான் விடுகின்றன என்று டேலின் குழு 1936-ல் காட்டியது. அதே ஆண்டில் லூவிக்கும் டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கிய லூவிக்கு அதன் பணம் நிலைக்கவில்லை. 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்தபோது, யூதரான அவர் கைது செய்யப்பட்டார். நோபல் பணத்தை நாஜிக்களிடம் ஒப்படைத்த பிறகே நாட்டைவிட்டு வெளியேற அவருக்கு அனுமதி கிடைத்தது.

உத்தரவு போட்டால் போதுமா?

நரம்பு முனையில், சின்னச் சின்னப் பைகளில் அசிட்டைல்கோலின் நிரப்பித் தயாராக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். சிக்னல் வந்து தட்டியதும் பைகள் உடைந்து, அவை இடைவெளியில் கொட்டுகின்றன. மறுகரையில் தசையின் மேல் ‘ஏற்பி’கள் காத்திருக்கும். பூட்டில் சாவி போட்டதுபோல அசிட்டைல்கோலின் அங்கே போய் உட்கார்ந்ததும், கதவு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். தசை சுருங்கும்.

சரி, விரல் மடங்கிவிட்டது. நிமிர வேண்டாமா? சாவி பூட்டிலேயே கிடந்தால் தசை சுருங்கியபடியே கிடக்கும். அதனால் அந்த இடைவெளியிலேயே ஒரு துப்புரவுப் பணியாளரையும் உடல் நிறுத்திவைத்திருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம். இதன் வேகம் அசாத்தியமானது. ஒரே ஒரு என்சைம் மூலக்கூறு, ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின்களை வெட்டித் தள்ளிவிடும். வெட்டிய துண்டுகளில் ஒன்றான கோலினை நரம்பு முனை மறுபடி உள்ளே இழுத்து, அடுத்த உத்தரவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. முட்டையின் மஞ்சள் கருவில் நிறைய இருக்கிறதே, அதே கோலின்தான்.

ஆக, உத்தரவு போக வேண்டும். போன வேகத்தில் அழியவும் வேண்டும். இந்த இரண்டில் எது தடைப்பட்டாலும் ஆபத்து.

துப்புரவுப் பணியாளர் படுத்துவிட்டால்...

முதலில், அழியாத உத்தரவின் கதை. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் செய்வது இதைத்தான். அவை அந்த என்சைமைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் பூட்டிவிடுகின்றன. பூச்சிக்கும் அதே ரசாயனம், அதே என்சைம். அதனால்தான் பூச்சி சாகிறது. அதே காரணத்தால்தான் மனிதர்களுக்கும் ஆபத்து.

அசிட்டைல்கோலின் தசைகளில் மட்டுமல்ல, உமிழ்நீர், கண்ணீர், வியர்வைச் சுரப்பிகளிலும், குடலிலும், நுரையீரல் குழாய்களிலும் வேலை செய்கிறது. என்சைம் படுத்துவிட்டால் எல்லா இடத்திலும் உத்தரவு குவியும். வாயில் நுரையாக எச்சில் ஒழுகும். கண்ணில் நீர் கொட்டும். உடல் வியர்த்து நனையும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம் குண்டூசி முனைபோலச் சுருங்கும். தசைகள் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும். பிறகு ஓய்ந்து, செயலிழக்கும். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோவதால்தான் உயிர் போகிறது.

இதற்கு மருத்துவமனையில் முதலில் கொடுக்கும் மருந்து அட்ரோபின். தெருவோரம் முளைக்கும் ஊமத்தையிலும் இருக்கிற பொருள்தான் இது. (அதற்காக ஊமத்தையைத் தொட்டுவிட வேண்டாம். அளவு தெரியாமல் சாப்பிட்டால் அதுவே விஷம்.) அட்ரோபின், சுரப்பிகளிலும் இதயத்திலும் நுரையீரலிலும் உள்ள ஏற்பிகளை மூடி, குவிந்து கிடக்கும் அசிட்டைல்கோலின் அங்கே உட்காராமல் தடுக்கும். ஆனால், கை கால், மூச்சுத் தசைகளில் இருப்பது வேறு வகை ஏற்பி. அங்கே அட்ரோபின் எடுபடாது. அதனால்தான் பலருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

‘ரெண்டு நாள் ஆச்சு, நல்லா பேசுறார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?’ என்று கேட்கும் உறவினர்களுக்கு டாக்டர்கள் தலையாட்டாததற்கும் காரணம் உண்டு. விஷம் உள்ளே போய் ஓரிரு நாள்கள் கழித்து, தேறிவிட்டதுபோலத் தோன்றும்போது, சிலருக்குக் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரெனச் சோர்ந்துவிடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. இதை 1987-ல் மருத்துவ உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர்கள், இலங்கையைச் சேர்ந்த மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்‌ஷ்மன் கரல்லியத்தயும். தலையைத் தூக்கச் சொல்லி டாக்டர் அடிக்கடி சோதிப்பது இதற்காகத்தான்.

இந்த வகை ரசாயனங்களின் வரலாறும் பயங்கரமானது. 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடும்போது கண்டுபிடித்தது டாபுன். அது ராணுவத்தின் கைக்குப் போய், நரம்பு விஷவாயு ஆனது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பப்பட்ட சாரினும் இதே குடும்பம்தான்.

பீகாரின் சரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமப் பள்ளியில் 2013 ஜூலையில் நடந்ததை மறக்க முடியாது. மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரியவந்தது. இதுவும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துதான். பூச்சிமருந்து இருந்த டப்பாவைச் சமையலுக்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தக் கூடாது, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைக்கக் கூடாது என்று சொல்வது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை இல்லை.

அண்டை நாடான இலங்கை ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. மிகக் கொடிய வகை ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளை 1995-க்குள் அங்கே படிப்படியாகத் தடை செய்தார்கள். 1998-ல் எண்டோசல்ஃபானையும் நிறுத்தினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆவேசத்தில் ஒரு நிமிடம் கை நீளும்போது, கொடிய விஷம் பக்கத்தில் இல்லாமல் போனதாலேயே பிழைத்தவர்கள் ஏராளம்.

ஏற்பி மூடிக்கொண்டால்...

இப்போது அடுத்த கதை. உத்தரவு வருகிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

காலையில் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஒரு பக்கக் கண் இமை சரியும். பஸ் நம்பர் இரண்டு இரண்டாகத் தெரியும். சாப்பாட்டின் முதல் பாதியை மென்றுவிடலாம்; மீதிக்குத் தாடை ஓய்ந்துபோகும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். சற்று ஓய்வெடுத்தால் மறுபடி சரியாகிவிடும். அதனாலேயே, ‘தூக்கம் பத்தலை’, ‘போன் பார்க்காதே’, ‘சோம்பேறித்தனம்’ என்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயாக இருக்கலாம்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள், தவறாகத் தசையில் உள்ள ஏற்பிகளையே தாக்கி அழிப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு இந்நோய் வரக் காரணம். இளவயதுப் பெண்களுக்கும், நடுவயதைத் தாண்டிய ஆண்களுக்கும் அதிகம் வருகிறது. இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கும் 1980-களில் இது கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாக அவர் நடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்நோய்க்கு முதல் மருந்தைக் கண்டவர் மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்சில் உள்ள செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். மயஸ்தீனியா நோயாளியின் நிலை, கியூராரே விஷம் ஏறியவரின் நிலையைப் போலவே இருப்பதை அவர் யோசித்தார். தென்னமெரிக்கப் பழங்குடிகள் வேட்டை அம்புகளில் தடவும் விஷம்தான் கியூராரே. அதற்கு முறிவு பைசோஸ்டிக்மின் என்ற மருந்து. அப்படியானால் இதற்கும் அதையே கொடுத்துப் பார்த்தால் என்ன? 1934-ல் 56 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி போட்டார். சரிந்திருந்த இமை மேலே எழுந்தது. விழுங்க முடிந்தது. மருந்தின் வேகம் குறைந்ததும் பலவீனம் திரும்பி வந்தது. ஆனாலும், வழி தெரிந்துவிட்டது.

பைசோஸ்டிக்மின் என்ன செய்கிறது தெரியுமா? பூச்சிமருந்து பிடிக்கும் அதே என்சைமைப் பிடிக்கிறது! துப்புரவுப் பணியாளரைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால், அசிட்டைல்கோலின் சற்றுக் கூடுதல் நேரம் இடைவெளியில் தங்கும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஏற்பிகளையாவது தேடிப்பிடிக்கும். பூச்சிமருந்து போட்ட பூட்டு நேரம் ஆக ஆக இறுகிவிடும். இந்த மருந்தின் பிடியோ சில மணி நேரத்தில் தானாக விட்டுப்போகும். வித்தியாசம் அவ்வளவுதான். இன்று மயஸ்தீனியா நோயாளிகள் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான், ‘இன்னைக்கு ரொம்ப முடியல’ என்று தானாக ஒரு மாத்திரை கூட்டிப் போடக் கூடாது. அளவு மீறினால் எச்சில் ஊறி, வயிறு கலங்கி, பலவீனம் இன்னும் அதிகமாகும்.

நோயின் வேரைப் பிடிக்க ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும், சிலருக்கு மார்புக்கூட்டுக்குள் உள்ள தைமஸ் சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. சில ஆன்டிபயாட்டிக்குகளும் மெக்னீசியம் ஊசியும் இந்நோயைத் திடீரென முற்றவைக்கும். காய்ச்சலுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், ‘எனக்கு மயஸ்தீனியா இருக்கிறது’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

பாம்பு கண்டுபிடித்த ரகசியம்

இந்த இடைவெளியின் ரகசியத்தை மனிதனுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தவை பாம்புகள். நல்ல பாம்பின் விஷம், தசையின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கும். கட்டுவிரியனின் விஷம் ஒருபடி மேலே போய், அசிட்டைல்கோலினை அனுப்பும் நரம்பு முனையையே சேதப்படுத்தும்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குபவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. பிறகு இமை சரியும், பேச்சு குழறும். ‘தூக்கக் கலக்கம்’ என்று விட்டுவிட்டால், அடுத்து ஓய்வது மூச்சு. இரவில் நன்றாகப் படுத்தவர் காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தால், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைத்து உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தசைகள் முழுதாகச் செயலிழந்தவர், பார்ப்பதற்கு நினைவே இல்லாதவர்போலத் தெரிவார். கண்ணில் டார்ச் அடித்தாலும் அசைவு இருக்காது. ஆனால், அவருக்குக் காது கேட்கலாம், எல்லாம் புரியலாம். வென்டிலேட்டரில் மூச்சு கொடுத்துக் காத்திருந்தால், நரம்பு முனைகள் மறுபடி வளர்ந்து, அவர் எழுந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது. ‘முடிஞ்சுபோச்சு’ என்று அவர் காதுபடப் பேசாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொல்லுங்கள்.

இந்தியாவில் போடப்படும் பாம்பு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாராகிறது. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-ல் தொடங்கிய சங்கம் இது.

இன்னொரு ஆச்சர்யம். தைவானில் உள்ள ஒரு வகைக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து, ஏற்பியை இறுகப் பிடிக்கும் ஒரு பொருளை சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் 1963-ல் பிரித்தெடுத்தார்கள். அதைத் தூண்டில்போலப் பயன்படுத்தித்தான் அசிட்டைல்கோலின் ஏற்பியையே தனியே பிடித்து ஆராய முடிந்தது. மயஸ்தீனியாவில் குறைந்துபோவது ஏற்பிதான் என்று 1970-களில் தெரிந்துகொள்ளவும் அந்தப் பாம்பு விஷமே உதவியது.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

* பூச்சிமருந்து உடலில் பட்டால்: உதவி செய்பவர் கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொண்டு, பாதிக்கப்பட்டவரின் நனைந்த உடையைக் கழற்ற வேண்டும். சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும்.

* உள்ளே போயிருந்தால்: உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையோ லேபிளையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

* மருந்து அடிக்கும்போது: காற்றுக்கு எதிராக நிற்கக் கூடாது. முழுக்கைச் சட்டை, முகக் கவசம், கையுறை அவசியம். அந்தக் கையோடு பீடி பிடிப்பதோ, சாப்பிடுவதோ கூடாது.

* பாம்பு கடித்தால்: கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால், கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும்.

* இமை சரிவு, இரட்டைப் பார்வை: மாலையில் கூடி, ஓய்வில் குறைந்தால் நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் போனில் ஒரு செல்ஃபி எடுத்து வைத்துக்கொண்டு காட்டினால், டாக்டருக்கு உதவியாக இருக்கும். அதோடு விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

* மனம் தாங்க முடியாத அளவுக்குக் கஷ்டத்தில் இருந்தால்: தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் பேசலாம். வீட்டில் யாராவது அப்படி இருந்தால், பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

(அடுத்த வாரம்: கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் உட்கார்ந்திருக்கும் தைராய்டு!)